பஞ்சு ஒட்டின நாய்

வாங்க, வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கேயே கெடக்கட்டுங்க, ஆரும் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. பாப்பாவச் சேத்தறதுக்குத்தானே வந்திருக்கீங்க? பேரென்ன கண்ணு? தாரிகாவா? நல்ல பேரு. இந்தா கிரேயான் டப்பா, இந்தா பேப்பர். அந்தப் பாய்ல உக்காந்து என்ன வேணா வரை. மிஸ் அப்புறமா வந்து பாக்கறேன்.

நீங்க சேர்ல உக்காருங்க. ஃபேன் போடட்டுங்களா?

எதப் பாக்கறீங்க, அந்த நாய்ப் படத்தையா? இந்த ஊட்டுக்குள்ள வர்றவங்க எல்லாருமே மொதல்ல அதத்தானுங்க பாப்பாங்க. வெள்ள வெளேர்னு பஞ்சு, ரெண்டு காதும் தொங்கறாப்ல, கழுத்துல ரோஸ் ரிப்பன், கண்ணுக்குக் கறுப்பு பட்டன். நாலு வயசுக் கொழந்தை படம்னு சொன்னா நம்புவீங்களா? அதுக்குத்தானுங்க ஃபினிஷிங்னு பேரு.

காலனியில விசாரிச்சுட்டுத்தான் வந்திருப்பீங்க. ‘கோகிலவாணி மிஸ்ஸா? யோசிச்சுச் சேத்துங்க’ன்னு ஆராச்சும் சொல்லியிருப்பாங்க. இல்லைன்னு சொல்லாதீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கேக்கலாமா வேண்டாமான்னு வாய்க்குள்ளேயே வெச்சிருக்கீங்க. நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்லிப்போடறேன். ஒளிக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க. கேட்டுப்போட்டு உங்க பிள்ளைய எங்கிட்ட விடலாமா கூடாதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

மெயின் ரோட்டுக்கு அக்கட்ட ஒரு ப்ளே ஸ்கூல் இருக்குதுல்லங்க? பேரு வேண்டாம். அவங்க பொழப்பு அவங்களுக்கு. அங்கதான் நான் இருந்தேன். ஷைலா மேடம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இருந்தேன். அந்த ஸ்கூலுக்கு உள்ள நல்ல பேர்ல பாதி என்ற கையால வந்ததுங்க, சும்மா சொல்லல. அட்மிசன் கேட்டு வர்றவங்க எதப் பாத்துச் சேத்துனாங்கன்னு நெனைக்கறீங்க? ஹால் செவுத்தப் பாத்துங்க. எல்லாம் வரிசையா, ஒரே அளவா, கோட்டுக்கு வெளிய ஒரு துளி வராம இருக்கும். ‘இதெல்லாம் கொழந்தைங்களே பண்ணுனதா மிஸ்’ன்னு வாயப் பொளப்பாங்க.

கொழந்தைங்க பண்ணுனா எப்புடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? முயலுக்குப் பச்சையடிக்கும். மீனுக்குக் கால் போடும். ஒண்ணு பேப்பரத் தின்னுபோடும். பெத்தவங்க சாயங்காலம் வாட்ஸாப்புல போட்டோ எங்கன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன பண்றது? பிள்ளைங்க ஊட்டுக்குப் போனதுக்கு அப்புறம் உக்காந்து ஒவ்வொண்ணா நான் ஃபினிஷிங் பண்ணுவேன். கோணக் கோட்ட நேராக்கி, அழுக்கு மேல வெள்ளப் பேப்பர் ஒட்டி, தேவைப்பட்டா மொத்தமா வேற ஒண்ணு பண்ணி வெச்சுருவேன். காலையில பிள்ளைய நிக்க வெச்சுக் கையில குடுத்து போட்டோ எடுப்போம். எல்லா ஸ்கூல்லயும் இப்புடித்தானுங்க. வெளிய சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன ஐப்பசியில பெட்ஸ் வாரம் வந்துச்சு. செல்லப் பிராணி வாரம். திங்கக்கெழம முயலுக்குப் பஞ்சு ஒட்டணும். செவ்வாக்கெழம கட்டை வெரல்ல பெயிண்ட் தொட்டு வெச்சு மீன் தொட்டி. புதங்கெழம ‘என் செல்லம்’னு சொல்லி நாய்ப் படம். வெள்ளிக்கெழம பெத்தவங்க எல்லாரும் வருவாங்க, எக்ஸிபிஷன். மேடம் என்னையத்தான் கூப்புட்டு, ‘கோகிலா, போன வருசத்தக் காட்டிலும் நல்லா இருக்கணும்’னாங்க. இருக்கும் மேடம்னேன். அப்ப எனக்கு இருந்த சந்தோசம் இருக்குதே, அத உங்ககிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியலீங்க.

அங்க ஆதவின்னு ஒரு பிள்ளை. வாயே தொறக்காது. அவங்கம்மா மேகலா, பனியன் கம்பெனியில டெய்லர். காலையில ஓட்டமா ஓடி வந்து விட்டுட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஓட்டமா ஓடி வந்து கூட்டிட்டுப் போகும். இந்த ஆதவி எதக் குடுத்தாலும் கறுப்பு. எடுக்கறதே கறுப்பு டப்பாவத்தான். முயலக் குடுத்தேன். முயலச் சுத்தி உருண்டையாக் கறுப்பு. மீனக் குடுத்தேன். மீனச் சுத்தியும் உருண்டையாக் கறுப்பு. ஏன் கண்ணு, மீனு தண்ணியிலதானே இருக்கும், தண்ணி நீலந்தானேன்னு கேட்டா, என்னைய உத்துப் பாக்குது. பதில் கெடையாது.

பதில் சொல்லாத பிள்ளைங்ககிட்ட எனக்குப் பொறுமை கம்மிங்க. அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கற குறை, அத நான் ஒத்துக்கறேன்.

புதங்கெழம நாய். எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்த நாய் ஒண்ணு குடுத்தாச்சு. உள்ளுக்குள்ள கலரடிச்சாப் போதும். இந்தப் பிள்ளை என்ன பண்ணுச்சு தெரியுங்களா? பேப்பரத் திருப்பிப் போட்டுக்கிச்சு. வெத்துப் பக்கம். அதுல பெரிசா ஒரு வட்டம், வட்டம் பூராக் கறுப்பு. அதுக்கு நடுவால செவலையா ஒண்ணு, நாயாமா. பக்கத்துல பொட்டுப் பொட்டா எதோ. அதுகளுக்கு நடுவுல மஞ்சளா ஒரு அப்பு. எனக்குக் கோவம் வந்துச்சுங்க. வராதா? என்ன கண்ணு இதுன்னேன். அன்னிக்கு அதிசயமா வாயத் தொறந்துச்சு. ‘நாயி’ங்குது. எந்த நாயி? ‘ரோட்டு நாயி. குட்டி போட்டிருக்குது.’

நான் அதுக்கு நல்ல விதமாத்தான் சொன்னேன். கண்ணு, ரோட்டுல இருக்கறது பெட் இல்ல. பெட்டுன்னா நம்ம ஊட்டுல வளக்கறது. சோப்புப் போட்டுக் குளிக்க வெச்சு, கழுத்துல பெல்ட்டுக் கட்டி, பேரு வெச்சு வளக்கறதுதான் பெட்டு. நீ ஊட்டுல நாய் வளக்கறயா? தலையாட்டுச்சு, இல்லைன்னு. அப்ப இது எப்புடி ‘என் செல்லம்’ ஆகும்? கேட்டது தப்புங்களா? பாடமே அதுதானுங்களே.

அப்பவும் விடல. அந்த மஞ்ச அப்பத் தொட்டுக் காட்டி, ‘இது நானு’ன்னுச்சு. எங்க ஸ்கூல் யூனிபாரம் மஞ்சளுங்க. நாய்க்கூட நீ எங்க கண்ணு போனேன்னு சிரிச்சேன். ‘உள்ள’ன்னுச்சு. சரி போ, போய்க் கை கழுவுன்னுட்டேன். அத்தன பிள்ளைங்க கையிலயும் பெயிண்ட்டு, ஒண்ணு செவுத்துல தேய்க்குது, ஒண்ணு எம் பொடவையில தேய்க்குது. அந்த நேரத்துல உள்ளயா வெளியவான்னு உக்காந்து விசாரிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

கண்ணு, தாரிகா, செவுத்துகிட்ட என்ன பண்ற? வந்து உக்காரு. வரஞ்சு முடிச்சுட்டயா? இன்னொரு பேப்பர் தரட்டுமா? வேண்டாமா? சரி, நில்லு, பாத்துக்கோ. தொடாத.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆமா, குழாய். குழாயப் பத்திச் சொல்லோணுமே. அப்பப் பாதாள சாக்கடை போடறேன்னு ரோட்டோரம் பூராத் தோண்டிப் போட்டிருந்தாங்க. சிமெண்டுக் குழாய் பெரிசு பெரிசாக் கொண்டாந்து எறக்கிப்போட்டு, ஆரும் எட்டிப் பாக்கல. எங்க ஸ்கூல் கேட்டுக்கு நேரெதிர்ல பள்ளத்துக்குள்ள வரிசையா உருண்டு கெடந்துச்சு. பெரிய ஆளுன்னா முட்டி போட்டுத்தான் நொழைய முடியும். பிள்ளைங்க நின்னுட்டே போயிரும். எத்தன பேர் மேடத்துகிட்டச் சொன்னாங்க. மேடம் எத்தன தடவ கார்ப்பரேசன் ஆபீசுக்குப் போன் போட்டாங்க. அதெல்லாம் ஆரும் இப்பப் பேச மாட்டாங்க. கோகிலவாணிதான் பேச்சு.

வியாழக்கெழம வந்துச்சு. காலையில இருந்தே மானம் கறுத்துக் கெடந்துச்சு. மறுநா எக்ஸிபிஷன். எனக்கு உக்கார நேரமில்ல, நிக்க நேரமில்ல. ஆதவி படத்த எடுத்துப் பாக்கறேன். இதக் கொண்டுபோய் நடுச் செவுத்துல மாட்ட முடியுமா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க, பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா? அந்தம்மாவுக்கும்தானே அசிங்கம்? அவங்களுக்கு நல்லதுன்னுதானுங்க பண்ணுனேன். புதுசா ஒரு நாய் ஜெராக்ஸ எடுத்து, சுத்தி வெட்டி, அந்தக் கறுப்பு மேல நல்லாப் பசை தடவி ஒட்டி, பஞ்சப் பிச்சுப் பிச்சு வெச்சு, ரிப்பன் கட்டி, பட்டன் வெச்சு, கீழ ‘ஆதவி’ன்னு எழுதுனேன். எல்லாத்தையும் விட அதுதான் அழகா வந்துச்சு. அத நடுவால மாட்டுனேன்.

மத்தியானம் பிள்ளைங்கள அனுப்பற நேரத்துல ஒரு மிஸ் கேட்டுகிட்ட ஸ்டூல் போட்டு உக்காரணும். அது ரூலு. அன்னிக்கு என்ற டியூட்டி. இல்லைன்னு நான் சொல்லவே இல்லியே. ஆனா ஹால் செவுத்துல மேல் வரிசைக்கு எனக்குக் கை எட்டல. அந்த ஸ்கூல்ல இருந்தது ஒரே ஸ்டூலு. அத உள்ள கொண்டாந்து ஏறி நின்னு பின் குத்திட்டு இருந்தேன். ஹால் கதவு தொறந்துதான் இருந்துச்சு. திரும்புனாக் கேட்டு தெரியும். திரும்பத்தான் நேரமில்ல. அத என்னமோ நான் ஊட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குன மாதிரி பேசறாங்க.

மழை பிடிச்சுருச்சு. சோன்னு கொட்டுது. பெத்தவங்க ஒவ்வொருத்தரா வந்து பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறாங்க. ஆயா சரசாக்கா பின்னால பொடக்காளியில பாத்திரம் வெளக்கிட்டு இருந்துச்சு. மேகலா நனஞ்சுட்டே ஓடியாந்துச்சு, ‘ஆதவி எங்க மிஸ்’னு.

உள்ளதான் இருக்கும்னேன்.

இல்ல. கிளாஸ்ல இல்ல. ஊஞ்சல்கிட்ட இல்ல. பேக்கு இருக்குது, தண்ணிப் பாட்டில் இருக்குது, பிள்ளை இல்ல. மேடம் ரூம்ல இருந்து ஓடி வந்தாங்க. ‘கோகிலா, கேட்டுல நீதானே இருந்த? வெளிய போச்சா?’ங்கறாங்க. அந்த எடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லுவீங்க? என்னையத் தாண்டி ஒரு எறும்பு கூடப் போகல மேடம்னேன். பொய்யில்லீங்க. போறத நான் பாக்கலியே. பாக்காதத எப்புடிப் பாத்தேன்னு சொல்றது?

வெளிய போகலைன்னா உள்ளதானே இருக்கணும்? மேடம் கேட்டச் சாத்திப் பூட்டச் சொன்னாங்க. அப்புறம் தேடுனோம். பாத்ரூம், பீரோ, மேசைக்கு அடியில, மாடிப்படிக்குக் கீழ. சரசாக்கா தண்ணித் தொட்டி மூடியப் பிடிச்சு இழுத்துச்சு. மேகலா அதப் பாத்ததும், ஐயோ, அந்தச் சத்தம் இன்னும் என்ற காதுலயே இருக்குதுங்க. கைய உள்ள விட்டுத் துழாவுது, இறங்கறேன்னு குதிக்கப் போவுது. நாங்க ரெண்டு பேரு பிடிச்சு இழுக்கறோம். சரசாக்கா மூங்கக் கழிய விட்டுக் கலக்குது. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லைன்னதும் எல்லாரும் அழுவுறாங்க, நானும் அழுவுறேன். நான் அழுகலைன்னு சொல்றாங்களாமா காலனியில. அழுதேனுங்க. கையெல்லாம் பசை, கண்ணத் தொடைக்கக்கூட முடியல.

அந்நேரம் பூரா மழை நிக்கவே இல்ல. ரோட்டுத் தண்ணியெல்லாம் பள்ளத்தப் பாத்துத்தான் போகுது. எனக்கு என்னங்க தெரியும்? நான் உள்ள தேடிட்டு இருக்கறேன்.

மேகலா ஹாலுக்குள்ள மறுக்கா ஓடி வந்துச்சு. பைத்தியம் பிடிச்சாப்ல சுத்திச் சுத்திப் பாத்துச்சு. செவுத்துல ‘ஆதவி’ன்னு பேரப் பாத்துட்டு நின்னுருச்சு. அப்பவும் எனக்குள்ள ஒரு நெனப்பு, படத்தப் பாத்தாச்சும் கொஞ்சம் மனசு ஆறும்னு. நெசமாத்தாஞ் சொல்றேன்.

‘மிஸ், இது அவ படமில்ல’ன்னுச்சு.

ஆதவிதுதாங்கன்னேன்.

‘நேத்து எங்கிட்டச் சொன்னாளே மிஸ். நாய் போட்டிருக்கறேன், குட்டியெல்லாம் போட்டிருக்கறேன், என்னையும் போட்டிருக்கறேன், வந்து பாரும்மான்னா. இதுல குட்டி எங்க? அவ எங்க? அவ போட்டது எங்க மிஸ்?’

அடியில இருக்குதுங்கன்னேன். மேல ஃபினிஷிங் பண்ணியிருக்கறேன்னேன்.

கைய நீட்டுச்சு. இருங்க இருங்க, பசை காயல, நாளைக்கு எக்ஸிபிஷன்னேன். வாயில இருந்து வந்துருச்சுங்க, அந்தப் பதட்டத்துல மனுசருக்கு என்ன வருதுன்னு தெரியுமா? அத இப்ப ஊரே சொல்லிச் சிரிக்குது. அந்தம்மா கேக்கல. நகத்தக் குடுத்து அப்படியே உரிச்சுப்போட்டுச்சு. ரிப்பன் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். பாத்துப் பாத்துப் பண்ணுனதுங்க. அடியில அந்தக் கறுப்பு வட்டம். செவலை. பொட்டுப் பொட்டு. நடுவால மஞ்ச.

மேகலாதான் மெதுவாச் சொல்லுச்சு, ‘குழாய்’னு. ‘தெனமும் அதுகிட்ட வந்தா நின்னுக்குவா, உள்ள பாப்பா இருக்குதும்மான்னு சொல்லுவா. நேரமாச்சு வா வான்னு நான்தான் இழுத்துட்டு வருவேன்’னு சொல்லிட்டே ஓடுது. கேட்டு பூட்டிக் கெடக்குது. நாங்கதானே பூட்டச் சொன்னோம். சாவி மேடத்து ரூம்ல. மேடம் சாவி எடுக்கறதுக்குள்ள அந்தம்மா கேட்டு மேல ஏறிக் குதிச்சுருச்சு. அந்தப் படத்தக் கையில பிடிச்சுட்டே குதிச்சுச்சு.

நாங்க போறப்பப் பள்ளத்துல முழங்காலுக்கு மேல தண்ணி, செந்தண்ணி. குழாய் வாயில பாதி முங்கிக் கெடக்குது. வரிசையா அத்தன குழாயி, எதுக்குள்ளன்னு தெரியல. மேகலா ‘ஆதவீ, ஆதவீ’ன்னு கத்துது. அந்தப் பிள்ளைதான் பேசாதே! கூப்புட்டா எப்புடிப் பதில் வரும்? அப்ப ஒரு குழாய் வாயில அந்தச் செவலை நாய் நின்னுட்டு, தண்ணியில நனஞ்சு, பல்லக் காட்டிட்டு உறுமுது. ஆரையும் கிட்ட விட மாட்டேங்குது. மேடம் கொடையப் பிடிச்சுட்டு ‘கல்ல எடுங்க, கல்ல எடுங்க’ங்கறாங்க.

மேகலா கல்லெல்லாம் எடுக்கல. படத்தப் போட்டுட்டுத் தண்ணிக்குள்ள எறங்கி, முட்டி போட்டு, நாய் மேலயே நொழஞ்சுச்சு. நாய் மணிக்கட்டக் கவ்வுச்சு. அந்தம்மா கையையும் இழுத்துக்கல, நாயவும் அடிக்கல. ‘விடு சாமி, உன்ற குட்டியும் உள்ள, என்ற குட்டியும் உள்ள’ன்னு அழுதுட்டே நொழையுது. எங்களுக்கு அதோட காலு மட்டுந்தான் தெரியுது. அப்புறம் காலும் தெரியல.

அந்த நேரம் எவ்வளவு நேரம்னு எங்கிட்டக் கேக்காதீங்க. எம் பேரு கெட்டுப்போச்சு, அவ்வளவுதான், இத்தன வருசம் சேத்த பேரு போச்சுன்னு நிக்கறேன். பிள்ளைக்காகவும்தானுங்க. பிள்ளைக்காகவும்தான் நின்னேன்.

கீழ பாத்தா அந்தப் படம் தண்ணியில போகப் போகுது. எடுத்தேன். எடுத்து முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டேன். நனஞ்சா வீணாப் போயிருமில்லங்க. அதுக்கும் ஒரு பேச்சு, பிள்ளை உசுருக்குப் போராடுது, இவ படத்தப் பொறுக்கறாளேன்னு. வேற என்ன பண்றது நானு? குழாய்க்குள்ள ரெண்டு பேரு போக முடியுமா?

வந்துருச்சுங்க. பயப்படாதீங்க, பிள்ளை வந்துருச்சு. அக்கட்ட வாய் கொஞ்சம் மேடு. அங்க குந்தியிருந்திருக்குது, இடுப்பு வரைக்கும் தண்ணி. மஞ்சப் பாவாடையத் தூக்கிப் பிடிச்சு, அதுக்குள்ள குட்டிகள வெச்சுட்டு, ஒண்ணக்கூட விடாம. கை ரெண்டும் வெறச்சுப் போயிருக்குது, பிரிக்கவே முடியல. அந்தம்மா பிள்ளையத் தள்ள, சரசாக்கா வெளிய இழுக்க, அந்த நாயி அவங்க காலுக்குள்ள ஓடி ஓடிக் குட்டிய நக்குது. மேகலா கையில இருந்து ரத்தம் கொட்டுது, அதுக்கே தெரியல. பிள்ளைய நெஞ்சோட அப்பி வெச்சுக்கிச்சு.

நானும் கிட்டப் போனேன். கன்னத்தத் தொட்டு, ஏன் கண்ணு இப்புடிப் பண்ணுனேன்னு கேட்டேன். முந்தானையில இருந்து அந்தப் படம் எட்டிப் பாத்துட்டு இருந்திருக்குது போல. பாதி பஞ்சு, பாதி கறுப்பு. பிள்ளை அதப் பாத்துச்சு. வருசம் பூரா வாயத் தொறக்காத பிள்ளை, மேடம் இருக்கறாங்க, சரசாக்கா இருக்குது, சத்தம் கேட்டு ஓடி வந்த ரோட்டு சனமெல்லாம் இருக்குது, அத்தன பேருக்கு முன்னால கைய நீட்டி என்ன சொல்லுச்சு தெரியுங்களா?

‘அம்மா, மிஸ் என்னைய ஒட்டி மூடிட்டாங்க.’

சொல்லலாமுங்களா அப்புடி? நானா மூடுனேன்? பேப்பரத்தானே மூடுனேன்! அழுக்காக் கெடந்துச்சு, மூடுனேன். நாலு வயசுப் பிள்ளைக்கு வெவரம் பத்தாது, சரி. பெரியவங்களுக்கு எங்க போச்சு? அந்தம்மா என்னைய ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க. திட்டுனாக்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளையத் தூக்கிட்டு மழையிலயே போயிருச்சு. பின்னாலயே சரசாக்கா குட்டிகள முறத்துல வெச்சு எடுத்துட்டுப் போச்சு, அதுக்குப் பின்னால நாயி.

மறுநா எக்ஸிபிஷன் இல்ல. மேடம் ரூமுக்குக் கூப்புட்டு, ‘கோகிலா, நாளையில இருந்து வர வேண்டாம்’னாங்க. ஏன் மேடம், கேட்டுக்காகவான்னேன். ‘கேட்டுக்காக மட்டுமில்ல’ன்னாங்க. வேற எதுக்காம்? சொல்லவே இல்ல. அதுதானுங்க எனக்குத் தாங்கல. எதுக்குன்னு சொல்லிப்போட்டாவது தாட்டி அனுப்பியிருக்கலாமில்ல? போகையில பாத்தேன், ஹால் செவுத்துல நான் பண்ணுனதெல்லாம் கழட்டியாச்சு. மேடமே கழட்டுனாங்களாமா. இப்பப் போய்ப் பாருங்க அந்தச் செவுத்த. கிறுக்கலும் அப்பலுமா, கண்கொண்டு பாக்க முடியாது. அதையும் நல்லாருக்குதுன்னு சொல்றதுக்கு நாலு பேரு இருக்கறாங்க.

நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பிள்ளைய எது காப்பாத்துச்சு? அந்தப் படந்தானே? அந்தப் படம் கெடாம இருந்துச்சே, ஏன்? நான் நல்ல பசையாத் தடவி, மேல கெட்டியா ஒட்டி வெச்சதுனாலதானே? இல்லைன்னா பிள்ளைங்க கை பட்டு எப்பவோ கிழிஞ்சிருக்கும். இத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அந்தம்மா ஒரு நாளாச்சும் வந்து, மிஸ், உங்களாலதான்னு ஒரு வார்த்த சொல்லும்னு பாத்தேன். வரல. கம்பெனிக்குப் போற வழிதானுங்க இது. இந்தப் பக்கம் தலையத் திருப்பாது. பிள்ளையும் கூட வரும். அந்தச் செவலை நாயி கழுத்துல பெல்ட்டுக் கட்டிப் பின்னாலயே போகும். இப்ப அது பெட் ஆயிருச்சு, பாத்துக்கோங்க.

ஆமாங்க. கண்டுபிடிச்சுட்டீங்களா? அதே படந்தான். தூக்கிப்போட மனசு வரலீங்க. ஊட்டுக்குக் கொண்டாந்து, அயன் பாக்ஸ் வெச்சுத் தேய்ச்சு, கிழிஞ்ச எடத்துலெல்லாம் பின்னால பேப்பர் குடுத்து, புதுசாப் பஞ்சு வாங்கி, முதல்ல இருந்து ஒட்டுனேன். ரிப்பன் கூட அதே கடையில வாங்குனேன். பொறுமையா, ஒரு எடத்துலயும் கறுப்பு தெரியாம ஒட்டியிருக்கறேன். நீங்களே கிட்டப் போய்ப் பாருங்க, உரிச்ச படம்னு ஆராச்சும் சொல்லுவாங்களா? அத மாட்டுனதுக்கு அப்புறந்தான் எனக்கு ராத்திரி தூக்கமே வந்துச்சு.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? ஃபீஸ் பத்தியே பேசலியே. காப்பி போடறேன், இருங்க. உங்க பாப்பா வரஞ்சத ஒரு பார்வ பாத்துட்டுப் போலாம். இங்க பாருங்க, ஊடு வரஞ்சிருக்குது, கதவ விட்டுட்டுச் செவப்பாத் தீட்டி வெச்சிருக்குது. ஒரு கதவு வெட்டி ஒட்டுனாச் சரியாப் போயிரும், இப்பவே பண்ணித் தர்றேன்...

கண்ணு, தாரிகா! தொடாதன்னு சொன்னேனில்ல? நகத்தப் போட்டுக் கீறாத. பஞ்சு வந்துரும் சாமி. இங்க வா, அம்மா கூப்புடறாங்க பாரு.

அடியில ஒண்ணுமில்ல கண்ணு. வெறும் பேப்பருதான். அடியில ஒண்ணுமில்ல.